இருட்டில் ஒரு பிடி

"விளக்கு அணைஞ்சதும் எதுக்குய்யா ராஜாவைக் கட்டிப்பிடிக்கிறே? அவரென்ன உன் மாமன் மகளா?"

மேக்கப் அறையில் நாடக டைரக்டர் வில்லனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்.

வில்லன் ஒட்டுமீசையை அழுத்திக்கொண்டே இளித்தான். "சும்மா, ஒரு பாசம்தான் சார்."

"பாசமா? விளக்கு திரும்ப வந்ததும் ஜனங்க கைதட்டுறது ராஜாவுக்கு. நீ அவர் தோள்ல தொங்கிக்கிட்டு அதுலயும் பங்கு கேக்குறே!"

ராஜா வேஷக்காரர் கிரீடத்தைச் சரிசெய்தபடி எரியும் தீயில் எண்ணெய் வார்த்தார். "என் வசனம் பூராவும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான். நான் எப்போ மண்டையைப் போடுவேன்னு காத்துக்கிட்டிருக்கான்."

"இன்னிக்கு உன் சுண்டுவிரல் அவர் மேல பட்டுச்சு, நாளையிலேருந்து நீ வாசல்ல டிக்கெட் கிழிக்கப் போகலாம்!" என்றார் டைரக்டர்.

வில்லன் முகத்தில் ஈயாடவில்லை. "சார், அது வந்து..."

"வரவும் வேணாம், போகவும் வேணாம். தள்ளி நில்லு!"

முதல் காட்சி முடிந்தது. விளக்கு அணைந்தது.

'தொப்!'

விளக்கைப் போட்டால் ராஜா குப்புறக் கிடந்தார். கிரீடம் உருண்டு போய் முன்வரிசையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மாவின் மடியில் விழுந்திருந்தது. காமெடி சீன் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது.

அவசரமாகத் திரையை இறக்கினார்கள். டாக்டரம்மா கிரீடத்தோடு மேடையேறினார்.

"தலை சுத்துச்சா?"

"இல்லவே இல்லை."

"குடிச்சிருக்கீங்களா?"

"இன்னும் நாடகமே முடியலையே டாக்டர்!"

"சரி, ரெண்டு காலையும் சேத்து நில்லுங்க. இப்போ கண்ணை மூடுங்க."

மூடியதுதான் தாமதம். வெட்டிய வாழையாய்ச் சாய்ந்தவரை டைரக்டர் பாய்ந்து பிடித்தார்.

"தலை சுத்தினாத்தான் தள்ளாடணும்னு சட்டம் இல்லைங்க. உங்க பாதம் மரத்துப்போயிருக்குன்னு நினைக்கிறேன். தரை எங்கேன்னு கால் சொல்றதில்லை, கண்ணுதான் பாத்து சமாளிக்குது. இருட்டுல அதுவும் கைவிட்டுடும். நாளைக்கு வாங்க, முழுசா பரிசோதிச்சுப் பாத்துடலாம். இதுக்கு முன்னாடி மேடையில விழுந்திருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லை!" என்றார் ராஜா பெருமையாக.

டைரக்டர் மெல்ல வில்லன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, என்கிட்டயாவது முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே அவர் கிரீடத்தைக் கழட்டி என் தலையில வெச்சிருப்பீங்களே சார்!"