பெட்டியில் இருந்த எண்

"வேண்டாம்டா, உங்கப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று தம்பியின் இரங்கல் கூட்டம் நடக்கும் மண்டபத்து வாசல்வரை சொல்லிப் பார்த்தேன்.

தம்பி மகன் கேட்கவில்லை. "நாலு பேர் அவரை மரியாதையா கூப்பிடட்டும் அத்தை. நீங்க பேசாம உக்காருங்க."

முன்னாள் படைவீரர் சங்கத்துத் தலைவர் இறந்தவரின் பட்டாள எண்ணை மூன்று முறை அழைப்பார். பதில் வராது. மூன்றாவது மௌனத்துக்குப் பிறகு ஏட்டில் எழுதி வைத்த அந்த எண்ணைக் கோடிட்டு அடித்துவிடுவார். அவர்கள் வழக்கம் அது.

எண்ணை மகன்தான் தேடிக் கொடுத்திருந்தான். தம்பியின் தகரப் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் இருந்தது.

தம்பி அந்தச் சங்கத்தில் சேர்ந்ததே இல்லை. எந்தச் சலுகைக்கும் விண்ணப்பம் போட்டதில்லை. போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முப்பத்தெட்டு வருடம் மின்கம்பம் ஏறினான். புயலிலும் ஏறினான். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தான். அம்மாவின் கடைசி நாள்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் குடும்பத்தை நோக்கி ஒருவர்கூட விரல் நீட்டியதில்லை. இன்று அந்த எண்ணைக் கேட்டு யாராவது ஒரு கிழவர் எழுந்து, "இவரா? இவரை எனக்குத் தெரியுமே!" என்றால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு!"

மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு!"

தம்பி மனைவி விசும்பினாள்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு!"

"உள்ளேன், ஐயா!"

எல்லாரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் மடக்கு நாற்காலிகள்தான் இருந்தன, ஆளில்லாமல்.

"யாருய்யா அது? விளையாட வேற இடம் இல்லையா?" என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். "நான்தான். வயசாச்சு, வாய் தவறிடுச்சு. நீங்க அடிங்க."

அது ஆண்குரல் என்பது மண்டபத்துக்கே தெரியும். என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

அவர் பேனாவைத் திறந்தார்.

பத்தொன்பது வயதுக் குரல் அது. கடைசி எழுத்தில் லேசாகக் கம்மும். பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று தெருமுனையிலிருந்து "போயிட்டு வரேன் அக்கா" என்று கத்திய குரல்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது ஒலித்ததே இல்லை.

போர் முடிந்து நான்காவது மாதம், பார்வை போய்ப் படுக்கையில் கிடந்த அம்மாவோடு நான் புது ஊருக்குக் குடிவந்து ஒரு வாரம். அந்தத் தகரப் பெட்டியோடு, நான் அதுவரை பார்த்திராத ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"யாருடி, அவனா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"வந்துட்டான்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.