எனக்கு மட்டும் அரை கிளாஸ்

“ஏம்மா, எல்லாருக்கும் தளும்பத் தளும்ப ஊத்தறே. எனக்கு மட்டும் அரை கிளாஸா?”

ஆஸ்பத்திரி வாசலில் சப்ஜா சர்பத் விற்கும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்ட ரிட்டயர்டு டிரைவர் முனகிக்கொண்டே குடித்தார். அடியில் தங்கிய விதைகளை ஸ்பூனால் வழித்துத் தின்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவருக்கு விளிம்பு வரை ஊற்றினாள்.

பக்கத்தில் நின்றவர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். காலையிலிருந்து மாடிப்படி ஏறி இறங்கி, கால்கள் கெஞ்சிக்கொண்டிருந்தன. இந்த ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் வாசலில் இதே கூத்துதான். இன்று அவருக்குப் பொறுக்கவில்லை.

டிரைவர் நகர்ந்ததும் கேட்டார். “வயசானவர், வாய்விட்டுக் கேக்கறார். ஊத்தினா குறைஞ்சா போயிடுவீங்க?”

அவள் ஊறிய விதைகளைக் கரண்டியால் கிளறியபடியே, அலுப்போடு சொன்னாள். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இங்கேதான் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து வைத்திருக்கிறார். தாகம் தாங்காமல் ஒருநாள் கடை கடையாகக் குடித்துவிட்டு, ராத்திரி மூச்சு முட்டிப் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது.

மறுநாள் அவர் மனைவி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். கொடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார், அரை கிளாஸ் மட்டும் கொடு, அந்த அளவை நான் வீட்டில் குறைத்துக்கொள்கிறேன், நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே என்று.

“தாகம்னு கேக்கறவருக்கு இல்லைன்னு சொல்றது எனக்கு மட்டும் இனிக்குதா சார்? அவர்கிட்டயும் திட்டு, இப்போ உங்ககிட்டயும்.”

விற்பனையாளருக்கு அதற்கு மேல் குடிக்க முடியவில்லை. கிளாஸை வைத்துவிட்டு நடந்தார்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் டிரைவர் வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். இவரும் பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையும் உடைத்துச் சொல்லாமல், அந்தம்மா மேல் வருத்தம் வேண்டாம் என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

டிரைவர் இவர் பக்கம் திரும்பினார்.

“உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? சொல்லி வெச்சது என் வீட்டுக்காரிதான்னு எனக்கு எப்பவோ தெரியும் தம்பி.”

“அப்புறம் ஏன் ஐயா வரும்போதெல்லாம் சண்டை?”

அவர், வர வேண்டிய பஸ்ஸைத் தேடுவதுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்மையைச் சொன்னா, இப்பல்லாம் அந்த அரை கிளாஸையே கஷ்டப்பட்டுத்தான் குடிக்கறேன். நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள என் வீட்டுக்காரி அந்தம்மாவுக்கு ஃபோன் போட்டு, இன்னிக்கும் சண்டை போட்டாரான்னு கேப்பா. போட்டார்னு காதுல விழுந்தாத்தான், மனுஷன் இன்னும் தெம்பா இருக்கார்னு நிம்மதியா ஒரு வாய் சாப்பிடறா.”