அன்புச்செல்வன் சார் வீட்டுச் சுவர்

“என் பொண்ணு படிக்க வந்தாளா, உங்க வூட்டுக்கு ஓசியில வேலை செய்ய வந்தாளா?”

வாசலில் நின்றே கத்தினாள் ஜெயசுதா. தொண்டூரிலிருந்து பஸ் பிடித்து, செஞ்சியில் இறங்கி, திருவண்ணாமலை ரோட்டில் வெயிலோடு நடந்து வந்த எரிச்சல் முழுக்கக் குரலில் இருந்தது.

உள்ளே, கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே ஸ்டூல் மேல் ஏறி உளியும் சுத்தியலுமாகச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்த மோனிகா திரும்பினாள். தலை முழுக்கச் சிமென்ட் தூசி. ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் என்று யார் சொல்வார்கள்?

“இன்னாத்துக்கும்மா இங்க வந்த? பிராக்டிகல்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?”

“இதுதான் உங்க பிராக்டிகலா? கீழ எறங்குடி!”

“சுவிட்ச் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம்தான் கொத்தணும். பாதியில வர மாட்டேன்.”

மோனிகா பத்தாவதில் நல்ல மார்க். ஆனாலும் அடம்பிடித்துத் தொழிற்கல்விப் பிரிவில் எலக்ட்ரிகல் எடுத்தாள். “மார்க் வராத பசங்க சேர்ற குரூப்பாச்சே” என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜெயசுதா சித்தாள் வேலைக்குப் போகிறவள். தன் மகள் சிமென்ட் தூசியில் நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. இங்கே மகள் அதே தூசியில் நிற்கிறாள், அதுவும் கூலியில்லாமல்! பெற்ற வயிறு எரியாதா?

மீட்டர் பெட்டி பக்கமிருந்து அன்புச்செல்வன் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரிகல் பாடம் எடுப்பவர்.

“வாங்கம்மா, உக்காருங்க. கொஞ்ச நேரத்துல லைட் போட்டுப் பாத்துடலாம்.”

“ஏன் போட மாட்டீங்க! எலக்ட்ரீஷியன் கூலி மிச்சமாச்சே. திங்கக்கெழம ஹெச்.எம். கிட்டயே கேக்கறேன். டி.சி.யும் வாங்கினு போறேன்.”

மோனிகாவின் சுத்தியல் நின்றுவிட்டது.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. பள்ளிக்கூடத்துல பலகை மேலதான் ஒயரிங் பண்ண முடியும். அங்க செவுத்துல ஆணி அடிக்கணும்னாகூட பர்மிஷன் கேக்கணும். பலகையிலயே கத்துக்கினு போன பசங்கள, செவுரு கொத்தத் தெரியலன்னு சைட்ல திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அதுக்குன்னு உங்க வூட்டுச் செவுருதான் கெடச்சுதா?”

சார் மீட்டர் பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டார். வசமாக மாட்டிக்கொண்டார் என்று ஜெயசுதாவுக்கு ஒரு திருப்தி.

சாரின் மனைவி கலைவாணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றினாள்.

“நீங்களும் குடிங்கக்கா.”

“எனக்கு வாணாம்.”

டம்ளரைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தாள். புது வீடுதான், இன்னும் சாமான்கூட வந்து இறங்கவில்லை. ஆனால் சுவரெல்லாம் ஒட்டுப் பூச்சு. கொத்திப் பூசி, அதே இடத்தில் மறுபடி கொத்திப் பூசியிருந்தது. எந்தக் கொத்தனார் இப்படிச் சொதப்பினானோ என்று மனசுக்குள் திட்டினாள்.

பிள்ளைகள் பைப் பதித்து, ஒயர் இழுத்து, சுவிட்சை மாட்டினார்கள். சார் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு மெயினைப் போட்டார்.

“மோனிகா, நீ போடும்மா.”

பல்பு எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மகளின் முகத்தைப் பார்த்ததும் ஜெயசுதாவுக்குப் பெருமையாக இருந்தது. கோபமாக வந்தவள் பல்லைக் காட்டினால் நன்றாக இருக்காதே என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சார் மெயினை அணைத்தார்.

“ரொம்ப நல்லா இருக்குது. சரி, எல்லாத்தயும் கழட்டுங்க. நாளைக்கு லீவுதானே, நான் செவுத்தப் பூசிடறேன். காய்ஞ்சாத்தான் அடுத்த பேட்ச் கொத்த முடியும்.”

ஜெயசுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்னா சார் சொல்றீங்க? நல்லா எரியறத எதுக்குக் கழட்டணும்? அப்ப நீங்க எப்பதான் குடி வர்றது?”

காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த கலைவாணிதான் பதில் சொன்னாள்.

“பால் காய்ச்சி நாலு வருஷம் ஆவுதுக்கா. வருஷா வருஷம் இவருகிட்ட படிக்கற பசங்க வேலைக்குப் போயிடறாங்க. நாங்கதான் இன்னும் வாடகை வூட்டுல இருக்கறோம்.”

ஜெயசுதா சுவரின் ஒட்டுகளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“பூச்சா சார் இது? கரண்டிய எடுத்து வைங்க. நாளைக்கு நானே வந்து பூசறேன்.”