கேட்டோரத்து நரிவெங்காயம்

மண் லேசாக வெடித்திருந்தது.

இசக்கி குனிந்து பார்த்தாள். பழைய பெயின்ட் டப்பாவின் நடுவே ஒரு பச்சை நூல். புல்லாகவும் இருக்கலாம்.

கொட்டகைக்குள் போன் அடித்தது. ரயில் வருகிறது. எழுந்து போய் ரயில்வே கேட்டை இறக்கிவிட்டு ஸ்டேஷனுக்குச் சொன்னாள்.

"கேட் மூடியாச்சு."

காலையிலிருந்து அவள் பேசியது அவ்வளவுதான்.

விதை கிடைத்தது தண்டவாளக் கரையில். அங்கே நரிவெங்காயம் கூட்டமாக நின்றது. கோடையில், சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்கும்போது, இலையில்லாமல் தண்டு மட்டும் எழும். பொழுது சாய்கையில் பூக்கும். எங்கிருந்தோ தேனீக்கள் வந்துவிடும். கொட்டகை வாசலில் நின்றாலே இரைச்சல் கேட்கும்.

அந்த நேரத்துக்கு அவளுக்குத் துணை அதுதான்.

போன கோடையில் இரண்டாவது ரயில் பாதை போட மண் அள்ளும் இயந்திரம் வந்தது. கரையைத் தொடுவதற்குள் காய்ந்த தண்டுகளை உலுக்கி, விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கறுப்பாக, காகிதம்போல் தட்டையாக இருந்தன. அவற்றைத்தான் பெயின்ட் டப்பாக்களில் விதைத்திருந்தாள்.

பச்சை நூல் மழைக்காலம் முழுக்க நின்றது. பிறகு காய்ந்து மறைந்தது.

தோண்டிப் பார்த்தாள். மிளகளவு ஒரு கிழங்கு.

மூடிவிட்டாள்.

அடுத்த மழைக்கு மறுபடி வந்தது. கொஞ்சம் தடித்திருந்தது. மறுபடி மறைந்தது.

வேலிக்கு அப்பால் முருங்கைத் தோட்டம். அதன் சொந்தக்காரர் ராசையா எப்போதாவது நின்று பேசுவார். பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்கிறது என்பார். தேனீயே வரவில்லை என்பார். ஒருநாள் டப்பாக்களைப் பார்த்தார்.

"வெறும் மண்ணுக்கா இசக்கி காவல் இருக்க?"

"உள்ள இருக்கு அண்ணாச்சி."

கிழங்குகள் சின்ன வெங்காயம் அளவுக்கு வந்தபோது, தண்டவாளத்துக்கு அடியில் வண்டிகள் போகச் சுரங்கப்பாதை கட்டி முடித்தார்கள். இனி கேட் வேண்டாம். அவளைத் திண்டுக்கல் பக்கம் மாற்றினார்கள். அங்கே அவளுக்குக் கிடைத்தது மாடியில் ஒரு வாடகை அறை. மண் கிடையாது.

கிளம்பும்முன் கிழங்குகளை ராசையாவின் வேலியோரம் நட்டாள்.

"எப்ப பூக்கும்?"

"தெரியாது அண்ணாச்சி. இலை காஞ்சா செத்துட்டுன்னு பிடுங்கிராதீங்க."

அவர் அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு தன்னுடையதையும் கொடுத்தார்.

புது கேட்டில் வண்டிகள் அதிகம். மூடினால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். யாரும் அவள் பெயர் கேட்கவில்லை.

ஒரு கோடை போனது. இன்னொன்றும் போனது.

ராசையா கூப்பிடவில்லை. பிடுங்கியிருப்பார். மாடு மேய்ந்திருக்கும். கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் தெரிந்துவிடும்.

அவள் கேட்கவில்லை.

ஒரு மாலை வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நான் ராசையா பேசுதேன். முருங்கைத் தோட்டம்."

அவள் கையிலிருந்த துணியை வைத்தாள்.

"இலை இல்ல. வெறும் தண்டுதான். ஆனா பூத்திருக்கு தாயி."

மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தேனீ மொய்க்கு. பாத்த உடனே உங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு. இரு, போனைக் கிட்ட வைக்கேன். கேளு."

அவள் எட்டி ஃபேனை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

காற்று.

எங்கோ ஒரு லாரி.

வேறு எதுவும் கேட்கவில்லை.

"கேக்கா?" தள்ளி நின்று கேட்டார்.

"கேக்கு அண்ணாச்சி."

அவர் நடந்து வரும் சருகுச் சத்தம். போனை எடுக்கப்போகிறார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைங்க," என்றாள்.