ஐந்து மணித்தியாலக் கடிதம்

"மகள், எந்தப் பிறையில மௌத்தான என்டு கடிதத்தில போட்டிருக்கு?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மௌலவி கேட்டார். பக்கத்தில் என் கூடப்பிறந்த காக்கா நிற்பது அவருடைய கனைப்பிலேயே தெரிந்தது.

காலையில்தான் கடிதம் வந்தது. எழுதியிருந்தவர் ரியாதில் என் மாப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்த அச்சிமுகம்மது. உங்கள் மாப்பிள்ளை கட்டடத்தின் மேலிருந்து விழுந்து மௌத்தானார், அங்கேயே அடக்கிவிட்டோம் என்று நாலு வரி.

உம்மா எனக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, உள்ளறையில் இருத்தி, வாசலில் திரையைக் கட்டினார். ஜன்னலையும் சாத்திவிட்டார். வியர்த்து வழிந்தது, மூச்சு முட்டியது.

ஆனாலும் அந்த அறை எனக்கு வேண்டும்.

மாப்பிள்ளை மௌத்தாகி இத்தா இருக்கிறவளை நான்கு மாதமும் பத்து நாளும் யாரும் வெளியே இழுக்க முடியாது. காக்கா எனக்கு ரியாதில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துவைத்து, பாஸ்போட்டும் எடுத்துவிட்டார். கொழும்பில் பிளேன் ஏறினால் ஐந்து மணித்தியாலம் என்று மூன்று மாதமாக அதையே ஓதிக்கொண்டிருந்தார், ஏதோ பக்கத்துத் தெருவுக்கு அனுப்புகிறவர் போல. மாப்பிள்ளையின் கடிதம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வந்துவிட்டது.

மௌலவி விளக்கிச் சொன்னார். இத்தாவின் கணக்கு மௌத்தான நாளிலிருந்துதான், சேதி கிடைத்த நாளிலிருந்து அல்ல. அதனால் பிறை சரியாகத் தெரிய வேண்டும்.

"ஸபர் பிறை பன்னிரண்டு" என்றேன்.

அவர் விரல் மடித்து எண்ணுவது திரையில் நிழலாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு மாதமும் இருபது நாளும் இருக்கின்றன என்றார்.

"பிளேன் அஞ்சு மணித்தியாலத்தில வருது. கடிதம் வர ஒன்றர மாசமா? இஞ்ச தா, நான் பாக்கிறன்" என்றார் காக்கா.

கடிதம் என் சட்டைக்குள் இருந்தது.

"சண்டையில வழி அடச்சிக் கிடந்தத மறந்திட்டீங்களா தம்பி? கொழும்புக்கு வந்தது கல்முனைக்கு வர வேணாமா?" என்று மௌலவி எழுந்தார். "புள்ளைய அழ விடுங்க."

காக்கா செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார். இரண்டு மாதமும் இருபது நாளும் அவருடைய ஏஜென்சிக்காரன் காத்திருக்கட்டும்.

எல்லோரும் போன பிறகு கடிதத்தை வெளியே எடுத்தேன். ஸபருக்கு மூன்று மாதம் முந்திய துல்கஃதா பிறை இருபது என்றுதான் அதில் எழுதியிருந்தது.

வழி அடைபட்ட அதே கிழமையில் அவர் மௌத்தாகியிருக்கிறார். கடிதம் எந்த ஊரில், எந்த மூட்டைக்குள் கிடந்ததோ. உம்மா சேலை எடுத்து வருவதற்குள் நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். என் நான்கு மாதமும் பத்து நாளும் முந்தாநாள் அந்தி மஃரிபோடு முடிந்துபோயிருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் முடித்திருக்கிறேன்.

அல்லாஹ் என் பொய்யை மன்னிக்கட்டும்.

முந்தாநாள் அந்த நேரம் நான் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு றஹீமாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதம் போட நேரமில்லாத மனுசன், அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறாராக்கும் என்று அவரை வாய் நிறைய ஏசிக்கொண்டிருந்தேன்.