வலி யாருக்கு?

"அப்பா, பேஷண்ட் பேசறப்ப நீ ஏன் கம்ப்யூட்டரையே பாக்கற? வலி அதுக்கா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

குடும்ப மருத்துவம் படித்த அந்த அப்பாவுக்கு நோய்களெல்லாம் தலைகீழ்ப் பாடம். நோயாளியின் முகம்தான் எட்டாக்கனி. இன்று கணினியை ஒதுக்கிவிட்டு, எதிரே இருந்த அம்மாவையே பார்த்தார்.

"ஒரு மாசமா தலைவலி, டாக்டர்."

காய்ச்சல், வாந்தி, பார்வை எல்லாம் கேட்டாயிற்று. அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் விழித்தார்.

"வீட்லயும் நிம்மதி இல்ல. அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லலாமா?"

"அதைத்தாம்மா கேக்க வந்தேன்," என்று மருத்துவர் கூசாமல் சொன்னார்.

மணி அடித்தது. மூலையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த தேர்வாளர் எழுந்தார். "மனசையும் விசாரிச்சீங்க. இந்தத் தடவை பாஸ்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தேர்வுக்காக நோயாளியாக நடிக்க வந்த அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் முழிச்சப்ப நீங்கதானே எடுத்துக் கொடுத்தீங்க?" என்றார் மருத்துவர்.

"மூணாவது தடவைன்னு மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சே, தம்பி."

மருத்துவர் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "தலைவலி நடிப்புதான். கழுத்துல இருக்கற கட்டி நடிப்பில்லையே. உக்காருங்கம்மா, பாக்கறேன்."

அந்த அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. தொட்டுப் பார்ப்பதற்காக மருத்துவர் கை கழுவப் போனார்.