தறி ஓடும்போது பேசியது

கல்யாண மண்டபத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ரேணுகாம்பாள் ஆளுயரத்துக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

கீழே பெண்கள் பக்கத்தில், அதே ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ராஸிலிருந்து வந்து படம் பிடித்த பையன் வசனம் எதுவும் எழுதித் தரவில்லை. வீட்டில் மருமகளிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள் என்றான். அவள் மகன் சரவணனையே தறியில் உட்கார வைத்தான். மருமகளாக நிற்க ஒரு நடிகையைக் கூட்டி வந்திருந்தான்.

நிஜ மருமகள் ஜெயப்ரியா ஆடிக்குக் களம்பூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், தை வந்தும் திரும்பவில்லை.

படம் பிடிக்கையில் ரேணுகாம்பாள் தறி ஓடியபோது பேசினாள். தறி நின்றதும் வாயை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, வீட்டுப் பழக்கம். தறிச் சத்தத்தில் பேசினால் தெருவுக்குக் கேட்காது. தறியில் இருப்பவனுக்கும் கேட்காது.

படத்தில் அந்தப் பையன் தறிச் சத்தத்தை அடக்கிவிட்டிருந்தான்.

"மூணு வருஷமா துன்னுகினு கீற, ஒரு புழு பூச்சி உண்டா வயித்துல? போயி உங்கம்மா வூட்லயே கெட!"

குரல் மண்டபத்து மூலை வரைக்கும் போயிற்று.

"அய்யே, நெசமாட்டமே கீதே! இனிமே உன் வூட்டுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை தொடையில் தட்டிச் சிரித்தாள்.

ரேணுகாம்பாளுக்குக் காது மடல் எரிந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல். தெரு இதை நடிப்பு என்று நினைக்கிறது. சரவணனும் அப்படித்தான் நினைப்பான்.

அவ ஏம்மா போயிட்டா என்று அவன் ஒருநாள் கேட்டபோது, கொழுப்புடா, வேற என்ன என்று சொல்லியிருந்தாள். அவன் தலையாட்டிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டான்.

எப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அவள் பேசுவாள். இப்போதும் ஆண்கள் வரிசையில் அவன் முதுகுதான் தெரிந்தது.

துணியில் காட்சி மாறியது. கேமரா தறிக்கு முன்பக்கம் போயிருந்தது. தான் பேசும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்பதை முதல்முறையாகப் பார்த்தாள்.

அவன் கை நாடாக் கயிற்றை இழுத்தது. கால் மிதியை மிதித்தது.

உதடும் அசைந்தது.

ஒவ்வொரு வார்த்தையையும், அவள் வாயிலிருந்து வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே, அது சொல்லிக்கொண்டிருந்தது.